ஈர்க்கு சீவக் கேட்ட அருவாள்

தேனிப் பக்கம் ஒரு கல்லூரித் தென்னந்தோப்பில் அன்று நின்றது மேலாளர், வாட்ச்மேன், கூட்டிப் பெருக்கும் பாத்திமா அக்கா, மட்டை கழித்துக்கொண்டிருந்த நான்.

"ஏலே, காணாமப் போன தேங்காய எங்கன வித்த?" என்றார் மேலாளர். நான் எடுக்கவில்லை. அருவாளை ஓங்கிக்கொண்டு அவரிடம் போனேன். வாட்ச்மேன் ஓடிவிட்டார்.

அக்கா குறுக்கே வந்து கை நீட்டினார். "தம்பி, அருவாளக் குடு. வெளக்குமாத்துக்கு ஈக்கி சீவணும்."

"இப்பயாக்கா?"

"ஆமப்பா. பழசு மொட்டையாப் போச்சு. அவுக எங்கயும் போயிற மாட்டாக."

தினமும் கேட்பதுபோலவே கேட்டார். பழக்கத்தில் என் கை கொடுத்துவிட்டது.

அக்கா உட்கார்ந்து ஈர்க்கு சீவினார். அவர் கை நடுங்கியதை அப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு பயத்தோடு குறுக்கே வர எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

அக்கா எடுத்துப் பேசியதில் மேலாளர் என்மேல் புகார் எழுதவில்லை. அதன்பின் அங்கே நான் வேலை பார்த்தது பதினோரு வருடம்.