சுருளக்கா சுற்றிய மோட்டார்

பாம்புக்கும் அஞ்சாத மனுஷி சுருளக்கா. ஆனால் மோட்டார் எரிந்த வாடை மூக்கில் ஏறினால் மட்டும் அவளுக்குக் குலை நடுங்கும். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் ஒரு பம்பு மோட்டார் தொழிற்சாலையில் செம்புக் கம்பி சுற்றியவள் அவள். சுருளக்கா என்ற பேரே அங்கே வைத்ததுதான். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒருநாள் சோதனை மேடையில் அவள் சுற்றிய மோட்டார் ஒன்று புகைந்து கருகியது. மின்சாரத்தைத் தாறுமாறாக ஏற்றியது மேடையில் நின்றவன். ஆனால் மோட்டாரில் கட்டியிருந்த சீட்டில் இருந்தது இவள் கையெழுத்து. "நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்டார் மேலாளர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுவாரமே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். நாளாக நாளாக, 'ஒருவேளை நான்தான் எங்கேயோ தப்பு செய்துவிட்டேனோ' என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஏழு வருடம் அவள் ஒரு முழம் கம்பியைத் தொடவில்லை.

பழைய டிராம் கொட்டகைக்கு அவள் போனது ஜன்னல் துடைக்கத்தான். ஊரில் டிராம் ஓட்டம் நின்று பல காலம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த ஒரே ஒரு வண்டியைச் சனிக்கிழமைதோறும் நாலு பேர் கூடிச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அதை முன்பு ஓட்டியவர். ஒருவர் பெயின்டர், கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் தன் நிழலுக்கும் ஒரு கோட் அடித்துவிட்டு வருவார். வண்டிக்கு அடியில் இரண்டு மோட்டார்கள். ஒன்று நன்றாக இருந்தது. மற்றதன் உள்ளே கம்பியெல்லாம் இற்றுப் போயிருந்தது. இதை யார் சுற்றுவார்கள் என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவள் வாய் தவறி, "கம்பி வாங்கிக் குடுத்தா நான் சுத்துறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

பதினோரு மாதம் ஆயிற்று. வேலை முடிந்த சனிக்கிழமை, நகராட்சிப் பொறியாளர் அம்மா வந்து நின்றார். பேச்சு கறாரானது. வண்டி தன் மோட்டாரிலேயே கொட்டகை வாசலிலிருந்து வெளி கேட்டு வரை ஓடினால், ஆற்றோரத் தண்டவாளத்தில் ஓட அனுமதி உண்டு. ஓடாவிட்டால் பூங்காவுக்குக் கொண்டுபோய், சக்கரங்களைச் சிமெண்டில் புதைத்துக் காட்சிக்கு வைத்துவிடுவார்கள்.

ஓட்டுநர் மணியை அடித்துக் கைப்பிடியைத் திருப்பினார். வண்டி உறுமியது. நகரவில்லை. இன்னொரு முறை திருப்பினார். உடம்பெல்லாம் அதிர்ந்ததே தவிர, ஓர் அங்குலம் அசையவில்லை. அடியிலிருந்து மெல்லப் புகை வந்தது. கூடவே வாடையும்.

சுருளக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எரிஞ்சு போச்சு போல" என்றார் பொறியாளர், பேனாவைத் திறந்துகொண்டே.

அந்த ஒரு வார்த்தையில் ஏழு வருடமும் அவள் தலையில் வந்து விழுந்தன. அப்படியானால் அன்றைக்கும் தப்பு தன்னுடையதுதான். மேலாளர் சொன்னதுதான் சரி. வீட்டுக்குப் போய்விடலாம் என்று செருப்பைக்கூடத் தேடினாள்.

ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கால் வாசல் பக்கம் போகப் பார்க்க, மூக்கு வண்டிப் பக்கமே நின்றது. மோட்டார் கருகினால் கம்பியில் பூசிய வார்னிஷ் அல்லவா நாறும்? இது வார்னிஷ் வாடை இல்லையே!

"அம்மா, ஒரு அரை மணி நேரம் குடுங்க. எழுதிடாதீங்க" என்றவள், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியிலிருந்த பள்ளத்தில் இறங்கினாள். தான் சுற்றிய மோட்டாரைப் புறங்கையால் தொட்டாள். குளிர்ந்துதான் இருந்தது. புகை வந்தது பக்கத்திலிருந்த, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் மின்தடைப் பெட்டியிலிருந்து. வண்டி கிளம்பும்போது சூடாவதுதான் அதன் வேலை. அதன் மேல் பளபளவென்று பச்சைப் பெயின்ட்!

"யோவ் பெயின்டரு! இந்தப் பெட்டிக்கும் பெயின்ட் அடிச்சியா?"

"அடியில அசிங்கமா இருந்துதுக்கா" என்று மேலிருந்து பதில் வந்தது.

புகைக்குக் காரணம் தெரிந்தது. வண்டி ஏன் நகரவில்லை? பள்ளத்தில் உட்கார்ந்து இரண்டு மோட்டார்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்த்தபடி மாட்டியிருந்தன. அவளுக்குத் தன் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எதிரெதிரே நின்று போர்வை மடிப்பார்கள். இரண்டு பேரும் அவரவர் வலது பக்கம் திருப்ப, போர்வை முறுக்கிக்கொள்ளும், சண்டை வரும். எதிரே நிற்பவருக்கு வலது, நமக்கு இடது.

சட்டென்று தன் நெற்றியில் அறைந்துகொண்டாள். தான் சுற்றிய மோட்டாரை முதலில் கழற்றும்போது இரண்டு ஒயர்கள் இடம் மாறிக் குறுக்கே போயிருந்தன. எவனோ சோம்பேறி செய்த வேலை என்று திட்டிக்கொண்டே, மாட்டும்போது நன்றாக இருந்த மற்ற மோட்டாரில் இருப்பதைப் போலவே நேராக்கி, அழகாகக் கட்டியும் வைத்திருந்தாள். குறுக்கே போனதுதான் சரி! இப்போது ஒன்று முன்னே தள்ள, ஒன்று பின்னே தள்ள, ஏட்டிக்குப் போட்டியாக நின்றிருக்கின்றன. இரண்டும் நல்ல பலசாலிகளாக இருந்ததால்தான் வண்டி அசையவே இல்லை.

"தப்பு என்னுதுதான்!" என்று பள்ளத்திலிருந்து கத்தினாள். "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல. ஒயரைத்தான் மாத்தி மாட்டிட்டேன்!"

"அவ்வளவுதானே, திருப்பி மாட்டுக்கா" என்றார் ஓட்டுநர். யாரும் கையெழுத்து கேட்கவில்லை.

இருபது நிமிடத்தில் மாட்டினாள். மணி அடித்தது. வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு, சமர்த்தாகக் கிளம்பிக் கேட்டு வரை போய் நின்றது. பொறியாளர் அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சுருளக்கா மறுபடி அடியில் புகுந்து, மோட்டாரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. அப்போதுதான் அவளுக்குப் போன உயிர் வந்தது. அங்கேயே படுத்தபடி அழுதாள். சந்தோஷம்தான்.

சாயங்காலம் வீட்டில் கணவர் கேட்டார்: "என்ன ஆச்சு? வண்டி ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று சிரித்தாள்.

"தப்பு பண்ணிட்டு யாராவது சிரிப்பாங்களா?"

"என் தப்பு எப்படி இருக்கும்னு இன்னைக்குக் கண்ணால பாத்துட்டேன். ஒயர் மாறுமே தவிர, நான் சுத்தின கம்பி கருகாது. அன்னைக்குக் கருகினது என்னுது இல்லைங்க."

அவர் கொடியிலிருந்து போர்வையை எடுத்து ஒரு முனையை அவளிடம் நீட்டினார். அன்றும் அது முறுக்கிக்கொண்டது.