ஊக்கு குத்தாத சனிக்கிழமைகள்

எங்கள் வீட்டுக் கொல்லைக்கு ஒரே வழி வீட்டுக்குள்ளேதான். முன்பு பின்பக்கச் சந்துக்குத் திறக்கும் கதவு ஒன்று இருந்ததாம். அடுத்த வீட்டுக்காரர் மாடி எழுப்பியபோது அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது நிலைச்சட்டம் மட்டும் சுவரில் இருந்தது. அதன் நடுவில் இப்போது ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தை மாட்டியிருக்கிறேன். விருந்துக்கு வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது. முன்னறை என் கணவரின் பட்டுப் புடவைக் கடை. அதைத் தாண்டினால் கூடம், பிறகு சமையலறை, அதற்கும் பின்னால் கொல்லை. நீளம் அதிகம், அகலம் குறைவு. மூன்று பக்கமும் சுவர், ஒரு கிணறு, ஒரு மாமரம். சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி முடியும்வரை சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே விருந்து. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் குடும்பத்தார் வருவார்கள். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். அழைப்பு வாட்ஸ்அப்பில் போகும். அதில் புடவை என்ற சொல்லே இருக்காது.

இதைத் தொடங்கியது நான்தான். ஊரடங்கு முடிந்த அடுத்த கோடையில் கடைக்கு ஆள் வரவில்லை. ரயிலில் போய்வந்து பார்த்துக்கொண்டிருந்த உதவியாசிரியர் வேலையும் ஆட்குறைப்பில் போய்விட்டது. பத்திரிகையில் பக்கம் அமைத்துப் பழகியவளுக்குக் கொல்லையும் ஒரு பக்கமாகத்தான் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வேண்டாத செய்திபோல் வெட்டினேன். துணி துவைக்கும் கல்லை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டேன். அதன்மேல் வாழையிலை விரித்தால் பரிமாறும் மேசை. ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டு மாமரத்திலிருந்து கிணற்றுத் தூண்வரை மஞ்சள் குண்டு பல்புகளைச் சரமாகக் கட்டினேன். உட்கார மூங்கில் மோடாக்கள், மண்பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீர், உருளியில் நந்தியாவட்டை. கோயில் இட்லியை டம்ளரில் வேகவைத்து, வட்டம் வட்டமாக நறுக்கி, நெய்யில் புரட்டி, மந்தாரை இலையில் வைத்தோம். தென்னேரிப் பக்கத்திலிருந்து நுங்கு வரும். அதை நன்னாரி சர்பத்தில் போட்டுக் கண்ணாடிக் கிண்ணங்களில் கொடுத்தோம். தொட்டிச் செடிகளுக்குப் பின்னால் இரண்டு ஏர்கூலர், வெளியே தெரியாதபடி.

முதல் விருந்துக்கு நான் கட்டியிருந்தது என்னுடைய நூல் புடவை. இரண்டாவது விருந்தின்போது என் கணவர் கடை அலமாரியிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்துக் கொடுத்தார். "சும்மா இத கட்டிக்கோம்மா. லைட்டுல எப்டி இருக்குதுன்னு பாக்கலாம்." அன்று மாலையே இரண்டு பேர் அந்தப் புடவையைக் கேட்டார்கள். மூன்றாவது விருந்துக்கு எதைக் கட்டுவது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

விற்கப்போகிற புடவையைக் கட்டுவதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஊக்கு குத்தக் கூடாது, துளை விழும். ஆகவே முந்தானையை இடது கையில் வாங்கி, முழங்கையை மடக்கியே வைத்திருக்க வேண்டும். மாலை முழுவதும் எனக்கு ஒரு கைதான். உட்காரக் கூடாது, மடிப்பு விழும். சென்ட் கூடாது. அடுப்பருகே போகக் கூடாது. பட்டுப் புடவையோடு சேர்த்தே நெய்து வரும் ரவிக்கைத் துண்டை வெட்டக் கூடாது, வாங்குகிறவர்தான் வெட்டுவார். அந்தத் துண்டு ஒரு சுற்று கூடுதலாக என் இடுப்பில் இருக்கும், கத்திரி வெயில் காலத்தில். பரிமாறும் யாரும் என்னருகே வரக் கூடாது. ஆகவே நான் எதையும் சாப்பிடுவதில்லை. விருந்து கலைந்ததும் புடவையைக் காற்றாட விட்டு, மடித்து, அலமாரியில் வைப்போம். விற்கும்போது யாரும் பொய் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

கறை பட்டுவிட்டால் அந்தப் புடவை எனக்கு. பானகம் தெறித்த அரக்கு ஒன்றும், மாங்காய்ப் பால் சொட்டிய மயில்கழுத்து நிறம் ஒன்றும் அப்படித்தான் என் பீரோவுக்கு வந்தன.

சமையலுக்கு உதவ அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வருவாள். என்னைவிடச் சின்னவள். வாய் சும்மா இருக்காது. சமையலறை வாசலில் நின்றபடியே கேட்பாள்: "இன்னாக்கா, பொம்ம மாரி நின்னுக்கினே இருக்கியே, சாவி கீவி குடுக்கணுமா?"

"மெதுவா பேசு."

"ஒரு இட்லி தூக்கிப் போடறேன், வாயத் தொற. பொடி மேல படாது, கேரன்டி."

"படட்டும், புடவை எனக்கு வந்துடும்."

"அப்ப சட்டினியே கொண்டாறேன்."

போன கோடையில், சீசன் தொடங்கிய சமயத்தில், என் பழைய தலைமை உதவியாசிரியர் கூப்பிட்டார். இப்போது வேறு ஒரு பத்திரிகையில் இருக்கிறார். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுவரை மாவட்டப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். மாடியில் ஓர் அறை இருக்கிறது. கதவைச் சாத்தினால் கொல்லைச் சத்தம் பாதிதான் கேட்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்த வேலை. சாத்திய கதவும்தான்.

என் கணவரிடம் சொல்ல முயன்றேன். அவர் கோபக்காரர் அல்ல. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபக்காரராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். முதல் முறை, நெசவாளரிடமிருந்து வந்த புடவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "பேசலாம்மா. சீசன் முடியட்டும்" என்றார். இரண்டாவது முறை, கருடசேவைக்கு முந்தைய நாள். தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னா?" என்று காதருகே கை வைத்தார். திரும்பச் சொன்னேன். தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது முறை காரில், திருமுக்கூடல் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது. "நல்ல விஷயந்தான்" என்றவர், அதே மூச்சில் சனிக்கிழமைக்கு மாம்பழ நிறம் கட்டலாமா, மல்லிப்பூ நிறம் கட்டலாமா என்று கேட்டார். மாம்பழம் என்றேன்.

தலைமை உதவியாசிரியர் நாள் குறித்தார். "சனிக்கிழம சாயங்காலம் எடிட்டரோட உக்காரறோம். அப்ப கூப்புடுவேன். ஆமாவா இல்லையான்னு ஒரே வார்த்தை. எடுக்கலன்னா இல்லைன்னு எடுத்துக்குவேன்மா, தப்பா நினைக்காத." சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் கிடையாது. ஒரு கையில் முந்தானை, இன்னொரு கையால் கும்பிட வேண்டும். நானே முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். வீட்டில் சொல்லாமல் அவரிடம் ஆமாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனைச் சமையலறை ஜன்னலில், சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்தேன்.

அன்று மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையும். சென்னையிலிருந்து ஓர் அம்மாள் தன் மகளோடு வந்திருந்தார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம், வெளிநாட்டில் வேலை. அம்மாளுக்குப் புடவை தெரியும். வந்ததும் நுங்கைக்கூடத் தொடாமல் நேராக என்னிடம் வந்து, என் கையிலிருந்த முந்தானையை வாங்கி, பல்புக்கு நேராகப் பிடித்தார். கூடவே நானும் இரண்டடி நகர வேண்டியிருந்தது.

"கோர்வைதானே?" கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோத்ததா என்று கேட்கிறார்.

"ஆமாம்மா."

முந்தானையைத் திருப்பி, பின்பக்க நூலைப் பார்த்தார். நகத்தால் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தார். "மடிசார் கட்டறவங்க வீட்டுலல்லாம் இப்ப இந்தக் கலர் கேக்க மாட்டாங்க. ஆனா இவளுக்கு எடுப்பா நிக்கும்."

"மம்மி, அவங்களை விடுங்க. மூச்சு விடட்டும்" என்றாள் மகள்.

"நான் மூச்சையா புடிச்சிருக்கேன்? முந்தானையத்தானே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது போன் அடித்தது.

இழுக்க முடியாது. கொசுவம் நழுவினாலும் நழுவும், ஜரிகை அவருடைய மோதிரத்தில் மாட்டினாலும் மாட்டும். என் கணவர் கிணற்றருகே பானகக் குவளையோடு நின்று, அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கப் போகிறவரின் முகம் அவருக்குத் தெரியும். போன் நின்றது. மறுபடி அடித்தது. உதவிக்கு வந்த பெண் அதை எடுத்துக்கொண்டு சமையலறை வாசல்வரை வந்தாள். கையெல்லாம் நெய். அதற்கு மேல் வர அவளுக்கு அனுமதி இல்லை. கையை நீட்டிப் பிடித்துக் கத்தினாள்.

"அக்கா! உன் போனு கத்திக்கினே இருக்குது! எடுத்து யாருன்னு கேக்கட்டா?"

"கொஞ்சம் விடுங்கம்மா" என்றேன். "ஆபீஸ்ல இருந்து கூப்புடறாங்க."

"ஆபீஸா? நீங்க வேலைக்குப் போறீங்களா?"

"முன்னாடி பேப்பர்ல இருந்தாங்க" என்றார் என் கணவர், எனக்கு முன்பாக.

"மறுபடியும் போறேன்" என்றேன். அம்மாளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அம்மாள் முந்தானையை விட்டார். அதை என் தோளில் அவரே சரியாக மடித்துப் போட்டார். "போங்க, போங்க. வேலை முக்கியம்."

நான் போய்ச் சேர்வதற்குள் போன் நின்றிருந்தது. "நா எடுத்திருப்பேன். நெய்யி கையி, அது தொட்டா கேக்க மாட்டேங்குதுக்கா" என்றாள் அந்தப் பெண். நான் திருப்பி அழைத்தேன்.

"என்னம்மா, பின்னாடி ஒரே சத்தம். விருந்தா?" என்றார் தலைமை உதவியாசிரியர்.

"ஆமாம்."

"பதில்?"

"ஆமாம்."

"ரெண்டும் ஆமாவா? சரி. திங்கக்கிழமையில இருந்து. வார லீவு என்னிக்குப் போடட்டும்? நாளைக்குச் சொல்லு."

நான் கூடத்துக்கு வந்தபோது என் கணவரும் அங்கே வந்துவிட்டார். "அவங்களுக்கு அந்தப் புடவையேதான் வேணுமாம்" என்றார்.

உள்ளே போய் நூல் புடவை மாற்றிக்கொண்டு, பட்டைக் கையில் கொண்டுவந்தேன். பட்டுப் புடவையை ஒருவராக மடிக்க முடியாது. அவர் ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையை. கூடத்து வெளிச்சத்தில் என் இடுப்பு பட்ட பகுதியைத் திருப்பிப் பார்த்தார். வேர்வைத் தடம் இல்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவ சொன்னேன்."

"நா சரின்னுதானே சொன்னேன்."

"சீசன் முடியட்டும்னு சொன்னீங்க."

உதறினோம். முனைகளைச் சேர்க்க நான் அவரிடம் நடந்தேன். மடிப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். நான் குனிந்து கீழே தொங்கியதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். மறுபடி நடந்து வந்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் தூரம் பாதியானது. கடைசியில் புடவை ஒரு பொட்டலமாக எங்கள் இருவர் கைக்கும் நடுவில் இருந்தது. அவர் அதன் ஓரங்களைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "சனிக்கிழம மட்டும் லீவு கேளேன்மா. மத்த நாளு நா எதுவும் கேக்கல."

கேட்டவிதத்தில் ஒரு குறையும் இல்லை.

கொல்லைக்குத் திரும்பிப் போனேன். என் புடவையில் ஊக்கு இருந்தது. மோடாவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இலையைப் பிடித்து, இட்லி சாப்பிட்டேன். கல்யாணப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, இதுவும் சூப்பரா இருக்கு. இது எவ்ளோ?"

"இது என்னோடதும்மா."

அவள் புரியாமல் தலையாட்டினாள்.

மறுநாள் போனை எடுத்து, வார லீவு செவ்வாய் என்று அடித்தேன். அனுப்பாமல் வைத்திருந்தேன். சனிக்கிழமை மாடியில் நான் கதவைச் சாத்தி உட்கார்ந்திருக்கும்போது கீழே பல்புகள் எரியும். நான் கட்டிய சரம், நான் நகர்த்திய கல், நான் மாட்டிய தாம்பாளம். அங்கே வேறு யாரோ முழங்கையை மடக்கி நிற்பார்கள். ஜன்னலிலிருந்து அதைத் திருத்த முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னால் அதுவும் முடியாது என்று தெரிந்தது. செவ்வாயை அழித்துவிட்டு, சனி என்று அடித்து அனுப்பினேன்.

ஓராண்டாகிவிட்டது. பக்கங்கள் நேரத்துக்குப் போகின்றன. மற்ற நாட்களில் நான்கு மணிக்குக் கதவைச் சாத்துகிறேன். யாரும் தட்டுவதில்லை. இந்தச் சித்திரையிலும் சரத்தைக் கட்டியது நான்தான். சனிக்கிழமை முடிந்து ஞாயிறு மாலை மடிக்கணினிக்கு முன்னால் உட்காரும்போது, இடது கை கொஞ்ச நேரம் மடங்கியபடி வயிற்றோடு ஒட்டியே இருக்கும். முதல் செய்தி வந்த பிறகுதான் விசைப்பலகைக்கு வரும்.