ஃபைன் என்ற சொல்

மதுரைக் கோர்ட்டில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, வெள்ளைக்கார ஜட்ஜின் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்லும் துபாஷியாக ஒல்லியான மனிதர் ஒருவர் இருந்தார். வாய் திறக்குமுன் தலைப்பாகையைத் தொட்டுக்கொள்வார்.

ஒருநாள், திருடுபோன தன் துணியை அடையாளம் காட்டச் செல்லூர் நெசவாளி ஒருவர் வந்தார். துணியைத் தடவிப் பார்த்த ஜட்ஜு, "ஃபைன்" என்றார்.

துபாஷி, "அபராதம்" என்றார்.

"பறிகொடுத்தவனுக்கா சாமி? எம்புட்டுங்க?" நெசவாளி பதறி மடியைத் தடவினார். கோர்ட்டே சிரித்தது. துபாஷியின் முகம் கறுத்தது. "அண்ணே, துணி நல்லாருக்குன்னாரு. தப்பு என்னோடது."

மாலையில் நான் ஆறுதல் சொன்னேன். "எண்ணிப் பார்த்தேன். நேர்த்தி, மெலிசு, நலம், அபராதம் என்று அதற்கு நாலு அர்த்தம். யாருக்கும் தடுமாறும்."

"நாலும் தெரியும்யா. அந்த ஆளோட அழுக்கு வேட்டியப் பாத்ததும் அபராதந்தான் வாயில வந்துச்சு."

ஜட்ஜு சொன்னதைக் கேட்டபோது எனக்கும் அபராதம் என்றுதான் தோன்றியிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வெளியே நடந்தோம்.