பிறைமரோடு கோயிலுக்குப் போன பிக்கப்

2009 தொடங்கும்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இயந்திரப் பொறியியல் பட்டம் கையில் இருந்தது, வேலை இல்லை. நான் விண்ணப்பம் போட்ட கொம்பனிகள் எல்லாம் இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. சும்மா இருப்பது எனக்கு எப்போதுமே ஒரு வருத்தம் மாதிரி, காய்ச்சல் வந்தது போல உடம்பு உளையும். அதனால் லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டோடு ஒட்டியிருக்கிற கராஜுக்குள் ஒரு பழைய ஜப்பான் பிக்கப்பைக் கொண்டுவந்து இறக்கினேன். எழுபதுகளில் செய்தது. யாரோ ஒரு பண்ணைக்காரர் ஆட்டுத் தீவனம் ஏற்றி ஓடிவிட்டு, கொட்டிலுக்குள் விட்டு மறந்துபோன வண்டி. சாரதி காலை வைக்கிற இடம் உக்கிப்போய், ஓட்டை வழியாகக் கீழே கொங்கிறீட் தெரிந்தது. எனக்கென்னவோ அது உலகத்திலேயே வடிவான சாமானாகத்தான் தெரிந்தது.

அதைப் பதிப்பதுதான் என் திட்டம். சாதாரண பிக்கப் சேற்றிலும் ஓட வேண்டுமே என்று நிலத்திலிருந்து நன்றாக எழும்பி நிற்கும். அதை இறக்கி, வயிறு தாரை உரசப்போகிறது என்று பார்க்கிறவன் பயப்படுகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முன்பக்கம் லேசு. அங்கே ஒரு முறுக்குக் கம்பிதான் பாரத்தைத் தாங்குகிறது. அதைத் தளர்த்தினால் மூக்கு குனியும். பின்பக்கம்தான் வேலை. வில்லுத் தகட்டுக்கும் அக்ஸிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தால் சாமான் ஏற்றுகிற பெட்டி இறங்கிவிடும், ஆனால் குழியில் விழுகிற ஒவ்வொரு தரமும் அக்ஸில் மேலே வந்து ஷாஸியில் இடிக்கும். ஆகவே அந்த இடத்தில் ஷாஸியைப் பிறை மாதிரி வெட்டி, வெட்டின வாய்க்குத் தடித்த தகடு வைத்து வெல்ட் பண்ண வேண்டும். வண்டியின் முதுகெலும்பை நாங்களே வெட்டுகிறோம், யோசித்துப் பாருங்கள். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். சரியாகத்தான் வந்தது. என்றாலும் கிரைண்டரை வைக்கமுதல் அளவுநாடாவைத் திரும்பவும் ஒருக்கால் எடுத்தேன்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த கூட்டாளி ஒருவன் டயர்க் கடையில் வேலை செய்தான். லீவு நாளில் வருவான். வெல்டிங் அவன் பொறுப்பு. நான் கணக்குப் போட்ட தாளை அவன் ஒருநாளும் வாசித்ததில்லை, அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைப்பான். "மச்சான், உன்ர யூனிவர்சிற்றிக்கு இதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. குடுத்த டிகிரியைத் திருப்பிக் கேப்பாங்கள்" என்பான்.

அப்பாவுக்கு விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது கராஜ் வாசலில் ஒருக்கால் நிற்பார். "நல்லா நிக்கிற வாகனத்தை ஏன்டா மினைக்கெட்டு முடமாக்கிறாய்?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விடுவார்.

தை மாதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியும் நின்றுபோனது. சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, சித்தியோடும் பிள்ளைகளோடும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். கடைசியாகப் போன் வந்தது தை முடிவில். அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் டிவி அணைவதில்லை. அப்பாவும் அம்மாவும் வேலை முடிய நேரே ரயிலேறிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். நானும் போனேன், கத்தினேன், தொண்டை கட்டித் திரும்பி வந்தேன். வந்தவுடன் கிரைண்டரைத்தான் எடுப்பேன். அது ஓடும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செய்தி வாசிக்கிற குரல் கேட்காது.

சித்திரை வருசப்பிறப்புக்கு அடுத்த நாள் பாரிஸிலிருந்து மாமி போன் எடுத்தார். மாமி அப்பாவின் அக்கா. அப்பா குசினிக்குள் போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார். சண்டைக்குள்ளிருந்து தப்பி முகாமுக்கு வந்த ஒருவர் சொன்னாராம். பங்குனிக் கடைசி வாரம் பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்ததாம். சித்தப்பாவை மண்ணுக்குள் தாட்டபோது தானும் நின்றவராம்.

எங்கள் ஆட்களில் ஆண்வழியில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்க ஏலாது, நல்ல காரியம் ஒன்றும் தொடங்க ஏலாது. மாமி கலியாணம் கட்டி வேறு குடும்பத்துக்குப் போனவர், அந்தக் கடமை அவருக்கு இல்லை. சித்தப்பாவுக்காகக் காக்க மிஞ்சியிருந்தது எங்கள் வீடுதான், அதில் முடிவு சொல்ல வேண்டியவர் அப்பா. அதாவது, அப்பா தனக்குத் துடக்கு என்று வாய் திறந்து சொன்னால் சித்தப்பா செத்தவர். சொல்லும்வரை இல்லை.

மாமி அழுதுகொண்டு சொன்னார்: "நான் வேற வீட்டுக்குப் போனவள். நீ காக்காட்டி அவனுக்கு ஆர் காக்கிறது?"

"ஆர் கண்டது?"

"கண்டவன்தானே சொன்னவன்."

"அவன் கண்டதை ஆர் கண்டது?" என்று கேட்டுவிட்டு அப்பா போனை அணைத்தார்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நழுவிக் கராஜுக்குள் வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து, பெட்டியில் கையை வைத்து, "உது எப்ப ஓடும்?" என்றார்.

இன்னும் இரண்டு மாதம் என்றேன். நீலம் அடிக்கலாமா பச்சை அடிக்கலாமா என்பதே முடிவாகவில்லை என்று விளக்கமும் கொடுக்கத் தொடங்கினேன்.

"வாற வெள்ளி விட்டு மற்ற வெள்ளி கோயிலுக்குக் கொண்டுபோறம். வாகனம் எடுத்தா பூசை செய்யிறதுதானே."

"அப்பா, பெயின்ற் அடிக்கேல்லை."

"சாமியோ பெயின்ற் கேட்டது?"

அவர் எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. பூசைக்கு வாகனம் கொண்டுபோகிற வீடு துடக்கு வீடு இல்லை. நாலு பேர் பார்க்க அதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். விளங்கியும் எனக்குள் ஒரு புளுகம், ஒரு சந்தோசம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா முதன்முதலாக என் வண்டியைத் தொட்டிருந்தார்.

அந்த நாட்களைப் போல நாங்கள் ஒருபோதும் சேர்ந்து வேலை செய்ததில்லை. அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். லைற் பிடித்தார், ஜாக்கை மிதித்தார், ஊத்தை படிந்த நட்டுகளை டீசலில் ஊறவைத்துத் தேய்த்தார். ஸ்பானரின் இலக்கங்கள் பிடிபடவில்லை, கேட்கவும் மாட்டார். பொருந்துகிறவரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். வெட்டின ஷாஸியைத் தடவி, "தாங்குமோ?" என்று நாளுக்குப் பலதரம் கேட்டார். தாங்கும் அப்பா என்றால் தலையாட்டுவார். பிறகு திரும்பவும் கேட்பார்.

வீட்டுக்குள் அம்மா இரண்டு பக்கமும் சாயாமல் நடந்துகொண்டார். சாமித்தட்டில் விளக்குக் கொளுத்தவில்லை. ஏன் என்று அப்பா கேட்டபோது நெருப்புப்பெட்டி முடிந்துவிட்டது என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். அப்பா வாங்கிக்கொண்டு வரவுமில்லை.

பெயின்றுக்கு முதல் பூசுகிற பிறைமர் மட்டும் அடிக்கத்தான் நேரம் இருந்தது. கூட்டாளிக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. "பிறைமரோட ரோட்டில எடுத்தா பெடியள் சிரிப்பாங்கள் மச்சான். கலியாணத்துக்குப் பெனியனோட போற மாதிரி" என்றான். அப்பா உள்ளே தேத்தண்ணிக்குப் போன நேரம் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அந்தக் கதை தங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது என்றான். பிறகு முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு வெல்டிங்கைத் தொடங்கினான். அன்று முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை.

வியாழக்கிழமை, ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கிற எம்.ஓ.டி பரிசோதனையில் வண்டி தேறியது. பரிசோதித்த வெள்ளைக்காரர் எங்கள் வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல வேலை, ஆர் செய்தது என்று கேட்டார். வேறொரு வருடமாக இருந்தால் அதை ஒரு மாதத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை கோயில் கார் பார்க்கில், சாம்பல் நிற பிறைமரோடு, எங்கள் பிக்கப் நிலத்தோடு நிலமாக நின்றது. ஐயர் குனிந்துதான் சந்தனம் வைத்தார். நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். காற்றில் கற்பூரம் இரண்டு தரம் அணைந்து மூன்றாம் தரம் பற்றியது. வீட்டுக் காரில் எங்களுக்குப் பின்னால் வந்த அம்மா அதைவிட்டு இறங்கவில்லை.

"அர்ச்சனை ஆற்ற பேருக்கு?" என்று ஐயர் கேட்டார்.

வண்டியின் பதிவில் என் பெயர்தான் இருந்தது. என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார். தன் தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார், தெளிவாக, இரண்டு கார் தள்ளி நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி. உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் அர்ச்சனை செய்வது. ஐயருக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெயரை மந்திரத்துக்குள் வைத்து ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டார். பக்கத்தில் அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் பிரசாதத்தோடு நின்றார். பெயர் காதில் விழுந்ததும் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"எடு மோனை" என்றார் அப்பா. கிளச்சை விட்டேன். எலுமிச்சம்பழங்கள் நசிந்த சத்தம் இருக்கைக்குக் கீழேயே கேட்டது.

அந்த ஊர்க்காரர் வீட்டுக்குப் போய்ச் சேரமுதல் பாரிஸுக்குப் போன் போயிருக்க வேண்டும். பின்னேரமே மாமி எடுத்தார். இந்த முறை அழவில்லை.

"செத்த தம்பிக்கு அர்ச்சனை செய்தனியாம். கோயிலையும் தீட்டாக்கிப்போட்டாய்."

"அவன் செத்ததெண்டா நீ இருந்து அழு" என்று அப்பா வைத்துவிட்டார். அதோடு அக்காவும் தம்பியும் பேச்சை விட்டார்கள்.

வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டதாக டிவி சொன்னது. அதற்குப் பிறகும் அப்பா டிவியை அணைக்கவில்லை. முகாம்களில் எடுத்த படங்கள் போகும்போது திரைக்குக் கிட்டப் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கம்பிக்குப் பின்னால் முதுகு காட்டி நின்ற ஒருவரைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அது ஆரைப் போலவும் தெரியவில்லை. ஓம் அப்பா, இருக்கலாம் என்றேன்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயின்ற் அடிக்கவென்று நான் கதவைக் கழற்றி உரஞ்சிக்கொண்டிருந்தபோது அம்மா கராஜுக்குள் வந்தார். "கையைத் துடைச்சிட்டு வா" என்றார்.

சித்தி வவுனியா முகாமிலிருந்து ஆரோ ஒருவரின் போனில் எடுத்திருந்தார். அவரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதிகம் பேச விடவில்லை. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், என்ன நாள் என்று. சித்தி சொன்ன நாள் மாமி சொன்ன அதே வாரத்துக்குள் வந்தது.

நான் போனபோது அப்பா குசினி மேசையில் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார். எப்படி எண்ணினாலும் முப்பத்தொன்று எப்போதோ கடந்துபோயிருந்தது. ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்டார். காலம் கடந்து கேள்விப்பட்டால் துடக்கு இல்லை, தலையில் தண்ணீர் வார்த்தால் போதும் என்று ஐயர் சொன்னார்.

அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஒரு முழுக்கோட சரியாம்."

அம்மா துவாயை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு நாள்கூட நான் அவனுக்குக் காக்கேல்லை."

"தெரியாமல்தானே, இஞ்சருங்கோ."

"எனக்குத் தெரியும்" என்றார் அப்பா.

அவர்தான் முதலில் மாடிக்குப் போனார். நான் திரும்பக் கராஜுக்குள் வந்து, செய்ய ஒன்றும் தோன்றாமல், கழற்றின கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளியலறைத் தண்ணீர் இறங்குகிற குழாய் அந்தச் சுவரோடு போகிறது. தண்ணீர் நிற்காமல் ஓடியது. பிறகு அம்மா முழுகினார். என் முறை வந்தபோது சுடுதண்ணீர் முடிந்திருந்தது. குளிர்த் தண்ணீரில் கையிலிருந்த கிறீஸ் போகவில்லை.

கீழே இறங்கி வந்தால் அப்பா வேலை உடுப்போடு நிற்கிறார். பின்னேர ஷிப்ட். இன்றைக்கு நில்லுங்கோவன் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். "துடக்கு இல்லையெண்டா வேலைக்குப் போறதுதானே" என்றவர், என்னைப் பார்த்து, கொண்டுபோய் விடச் சொன்னார். கழற்றின கதவைத் திரும்பப் பூட்டும்வரை பக்கத்தில் நின்று போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார்.

அவ்வளவு கீழே இருந்து பார்க்கும்போது முன்னால் போகிற பஸ்ஸின் சில்லுத்தான் தெரியும். அப்பா வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு வந்தார். சரக்குப் பகுதிக் கேற்றடியில் நிற்பாட்டினேன். அவர் இறங்கவில்லை. பின்னால் ஒரு வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"மாமிக்கு நீ எடு" என்றார்.

"எடுத்து என்ன சொல்ல?"

கதவைத் திறந்தார். இருக்கை பதிவாக இருந்தபடியால் நேரே எழும்ப ஏலவில்லை. என் தோளைப் பிடித்து, பாரத்தை முழுக்க அதில் போட்டு எழும்பினார்.

"முழுகிப்போட்டன் எண்டு சொல்லு."

வான்காரன் திரும்பவும் அடித்தான். நான் கியரைப் போட்டேன்.