அடுப்பைப் பற்றவைத்தவள் அவள் அல்ல

அன்று அந்தப் பாலை அடுப்பில் வைத்தவள் நான். பிலோமினா அல்ல... நான்!

எவரைக் கேட்டாலும் அவள்தான் வைத்துவிட்டு மறந்தாள் என்பார்கள். அவளுடைய மகள் அப்படித்தான் நம்புகிறாள். அந்த முதியோர் வீடுகளைப் பராமரிக்கும் சிஸ்டரும் அப்படித்தான் நம்புகிறார். இவற்றையெல்லாம்விடக் கொடியது ஒன்று உண்டு. பிலோமினாவே அப்படித்தான் நம்புகிறாள்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். பொறாமை!

எழுபதை எட்டிய கிழவிக்கு எதற்காகப் பொறாமை என்று நீங்கள் சிரிக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பிலோமினா என் கணவரின் தங்கை. பிறந்தது முள்ளிக்குளத்தில். சண்டைக் காலத்தில் கணவனோடும் கைக்குழந்தையோடும் படகேறி இந்தியாவுக்குப் போனாள். நாங்கள் மன்னாரிலேயே இருந்துவிட்டோம். என் கணவருக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. அவளுக்கு அங்கே அகதி முகாமில் ஓர் அறை. அறை என்றால் நான்கு சுவர் அல்ல. குறுக்கே சேலை கட்டிப் பிரித்த இடம். அங்கேயே அவள் கணவனும் கண்ணை மூடினான். மகள் டெய்சி வளர்ந்த பின்னர் தாயும் மகளும் ஊர் திரும்பினார்கள். டெய்சி வவுனியாவில் வாழ்க்கைப்பட்டாள். பிலோமினா மகள் வீட்டில் சில மாதம், எங்கள் வீட்டில் சில மாதம் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

அந்த நாட்களில் அவள்மீது எனக்கு இரக்கம் இருந்தது. இரக்கம்... அது எவ்வளவு சுகமான உணர்ச்சி தெரியுமா! இரங்குபவள் எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறாள். நான் மேலே நின்றேன். என் கணவர் போன பிறகும் எனக்கு என்ன குறை? என் மகன் அன்ரன் கட்டிய மாடி வீடு. “றெஜினா அக்கா குடுத்து வைச்சவ. மகன் கண்ணுக்குள்ள வைச்சுப் பாக்கிறான்” என்று பூசை முடிந்து வரும்போது பெண்கள் சொல்லுவார்கள்.

கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தான். பொய் இல்லை. ஆனால் கண்ணுக்குள் இருப்பவளுக்குக் கதவு ஏது?

என் அறையில்தான் வீட்டாரின் துணி தேய்க்கும் மேசை நின்றது. என் அலுமாரியில் பாதி பேரப்பிள்ளைகளின் புத்தகங்கள். மருமகள் சுகந்தி நல்லவள். என் உப்பைக் குறைத்தாள், சீனியை நிறுத்தினாள், “மாமி, உங்களுக்குப் பிரஷர் ஏறும்” என்று கருவாட்டுக் குழம்பைத் தள்ளி வைத்தாள். எல்லாம் அன்புதான். மூச்சு முட்டும்வரை அன்பு!

அப்படியிருக்க, தாழ்வுபாட்டுக்குப் போகிற வழியில் கன்னியாஸ்திரிகள் தங்கள் காணியில் முதியவர்களுக்கென்று சிறிய வீடுகளை வரிசையாகக் கட்டினார்கள். ஒரே கூடத்தில் கட்டில்களை அடுக்கிய முதியோர் இல்லம் அல்ல. ஆளுக்கொரு தனி வீடு. ஓர் அறை, ஒரு தடுப்புச் சுவருக்கு அப்பால் சின்னக் குசினி, குளியலறை, முன்னால் இரண்டு கதிரை போடக்கூடிய விறாந்தை. வாடகை பெயரளவுக்குத்தான். நானும் பிலோமினாவும் ஓட்டோ பிடித்துப் பார்க்கப் போனோம்.

சிஸ்டர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: “இஞ்ச உங்கட பாட்டை நீங்கள்தான் பாக்கவேணும். சமையல், கூட்டுறது எல்லாம். கிழமைக்கொருக்கா நேர்ஸ் வந்து பாப்பா. ஆனா தனிய இருக்க ஏலாத நிலை வந்தா பிள்ளையளிட்டத்தான் போகவேணும். பாக்கிறதுக்கு எங்களிட்ட ஆக்கள் காணாது.”

திரும்பி வரும் வழியில் பிலோமினா கேட்டாள்: “என்ன சொல்லுறீங்கள் மச்சாள்? போவமோ, விடுவமோ?”

நான் பாதகங்களை மட்டும் சொன்னேன். இரவில் நெஞ்சு வலித்தால் யார் வருவார்? மாரியில் வெள்ளம் நின்றால் கடைக்கு எப்படிப் போவாய்? உடம்பு நல்லாய் இருக்கும்வரை வைத்திருந்துவிட்டு, விழுந்த பிறகு போ என்பார்களே, அப்போது எங்கே போவாய்? மகள் இருக்கத் தாய் தனியே கிடக்கிறாள் என்று டெய்சியை அல்லவா பழிப்பார்கள்?

ஒன்றும் பொய்யில்லை. எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் சாதகங்களை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டேன். விரும்பிய நேரம் எழும்பலாம். விரும்பியதைப் பொரிக்கலாம். பக்கத்தில் நம் வயதுக்காரர், பேச்சுக்குக் குறைவில்லை. எவருடைய முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தேநீர் கேட்க வேண்டியதில்லை... இவற்றை ஏன் அவளுக்குச் சொல்லவில்லை? எனக்கென்று வைத்துக்கொண்டேன். வேறென்ன!

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “நீங்கள் சொல்லுறது சரிதான் மச்சாள். ஆனா அந்தக் கதவுக்கு உள்பக்கமாக் கொண்டி இருக்கு. கண்டனீங்களோ?”

கண்டேன். அவளுக்கு முன்னரே கண்டேன்.

அன்று மாலை அன்ரனிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

“உங்களுக்கு இஞ்ச என்னம்மா குறை? நான் உயிரோட இருக்கேக்க நீங்கள் அங்க போய் இருந்தா சனம் என்ர முகத்தில காறித் துப்பாதோ?”

நான் வற்புறுத்தியிருக்கலாம். அவன் கொடியவன் அல்லன். இரண்டு நாள் கோபித்துவிட்டு இறங்கி வந்திருப்பான். ஆனால் கோயில் வாசல் பெண்கள் அதன் பின் என்னை என்னவென்று சொல்லுவார்கள்? மகனின் மானத்துக்காக விட்டுக்கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் மானத்துக்காகத்தான் விட்டேன்.

பிலோமினா போனாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போவேன். போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு குறை கண்ணில் படாதா என்று தேடினேன். சுவரில் ஈரம் ஊறியிருக்காதா? அவள் முகம் வாடியிருக்காதா? இல்லையே! உடம்பு வைத்திருந்தாள். பாட்டு முணுமுணுத்தபடி மீன் பொரித்தாள். பக்கத்து வீட்டுக் கிழவரோடு தாயம் விளையாடித் தோற்றுவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். முகாமில் அத்தனை வருடம் கிடந்தவள், ஒரு பையோடு என் வீட்டு மூலையில் சுருண்டு படுத்தவள்... இப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். “சாப்பிடுங்கோ மச்சாள். சுகந்திக்கு நான் சொல்லமாட்டன். பாவம், உங்களுக்கு அங்க ஒரு வாய்க்கு ருசியா...” என்று நிறுத்தினாள்.

பாவம்! அவள் என்னைப் பாவம் என்றாள்! நான் அத்தனை வருடம் அவளுக்கு அளந்து போட்ட இரக்கத்தை, அவள் எனக்கு ஒரு சோற்றுக் கோப்பையில் வைத்து நீட்டினாள். நான் அதைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அன்றைக்கே என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

அதற்குச் சில வாரங்களின் பின்னர் அது நடந்தது. மதியம் சாய்ந்த வேளை. “இருங்கோ மச்சாள், உடம்பெல்லாம் வேர்வை. ஒரு முழுக்கு முழுகிப்போட்டு வாறன். பிறகு தேத்தண்ணி போடுவம்” என்று பிலோமினா குளியலறைக்குள் போனாள். நான்தான் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தேன். உதவிதான், சத்தியமாக அந்த நிமிடத்தில் வேறு எண்ணம் இல்லை.

பால் கொதிக்கும்வரை நிற்பானேன் என்று அறைக்குள் வந்தேன். வாசற்கதவைச் சாத்தினேன். உள்கொண்டியைப் போட்டேன். அவளுடைய கட்டிலில் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, இது என் வீடு, இது என் கட்டில், எவரும் இப்போது உள்ளே வரமுடியாது என்று நினைத்துப் பார்த்தேன்... சிரிக்காதீர்கள். அப்படி ஒரு நித்திரை என் வீட்டில் எனக்கு என்றுமே வந்ததில்லை.

பிலோமினாவின் கூச்சலில் விழித்தேன். குசினியில் புகை. பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, யன்னல் சீலையில் தீப் பிடித்திருந்தது. அவள் தலை துவட்டிய ஈரத் துவாயால் அடித்து அடித்து அணைத்தாள். நான் ஓடிப்போய்க் கொண்டியை நீக்கினேன். அயல் வீட்டுக்காரர் வந்தார்கள். சிஸ்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஆர் அடுப்பைப் பத்த வைச்சது?”

பிலோமினா, தலையிலிருந்து நீர் சொட்ட, அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களில் சந்தேகம் இருந்தது... என்மீது அல்ல!

“மச்சாள், நான் பாலை வைச்சுப்போட்டே முழுகப் போனனான்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, நான்தான் வைத்தேன், கண்ணயர்ந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் சிஸ்டர் இரண்டு வார்த்தை கடிந்திருப்பார். கிழவர் என்னைக் கேலி செய்திருப்பார். அவ்வளவுதான்! அவ்வளவுதானே!

“ஓம்” என்றேன்.

அச்சத்தில் வந்த சொல் என்று அதை மன்னிக்க உங்களுக்கு மனம் வரலாம். அவசரப்படாதீர்கள். அதன்பின் நான் கேட்பாரின்றி இன்னொன்றும் சொன்னேன்: “இப்ப கொஞ்ச நாளா இவளுக்கு மறதி, சிஸ்டர்.” இது அச்சம் அல்ல. இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவே இல்லை.

சிஸ்டர்கூட, “ஒருக்கா நடந்ததுதானே, பாப்பம்” என்றார். பார்க்க நான் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் டெய்சிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“பிள்ளை, கொம்மாவை இனித் தனிய விட ஏலாது. இண்டைக்கு நான் இல்லாட்டி எரிஞ்சிருப்பாள்.”

மறுநாளே டெய்சி வான் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தாள். பிலோமினா பழைய பையை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். சாவியைச் சிஸ்டரிடம் கொடுத்தாள். “பக்கத்தில எல்லாம் நடக்க மாட்டாத சனம் மச்சாள். என்னால அதுகளுக்கு ஏதும் வந்திட்டா?” என்றாள். என் கையைப் பிடித்து, “நல்ல காலம், நீங்கள் இருந்தனீங்கள்” என்றாள்.

எனக்கு என்ன கிடைத்தது? அந்த வீடா? வீடு வேறொருவருக்குப் போயிற்று. நான் மீண்டும் வாயெடுக்கும் முன்னரே அன்ரன், “பாத்தனீங்களோ அம்மா? தனிய விட்டா இப்பிடித்தான் நடக்கும்” என்றான். என் பொய்யையே என் முகத்துக்கு நேரே நீட்டினான், அறியாமல்.

சென்ற கிழமை வவுனியாவுக்குப் போனேன். பிலோமினா மெலிந்துவிட்டாள். விறாந்தையில் ஒரு கதிரை, கூடத்து மூலையில் ஒரு கட்டில். குசினிக்குள் அவள் போவதில்லை. என்னைக் கண்டதும் எழுந்து, “இருங்கோ, தேத்தண்ணி...” என்று இரண்டடி வைத்தாள். நின்றாள். “பிள்ளை வரட்டும்” என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்: “அண்டைக்கு நான்தானே மச்சாள் பத்த வைச்சனான்? எவ்வளவு யோசிச்சும் அந்த நெருப்புக்குச்சியைக் கிழிச்ச ஞாபகமே வருதில்லை. அதுதான் பயமாக் கிடக்கு. என்ர மண்டைக்குள்ள இன்னும் என்னென்ன இல்லாமப் போச்சோ?”

வீட்டில் வேறு எவரும் இல்லை. அவளும் நானும்தான். இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது வாய்க்கும்?

“ஓம் மச்சாள், நீதான்” என்றேன்.

அவள் தலையாட்டினாள்.

டெய்சி கடையிலிருந்து வந்து தேநீர் தந்தாள். பின்பு தாயின் பின்னால் உட்கார்ந்து, தலைக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து வாரத் தொடங்கினாள். பிலோமினா கண்ணை மூடி மகளின் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். எவ்வளவு மெதுவாக வாரினாள் அந்தப் பெண்! என் தலையை யார் அப்படித் தொட்டு எத்தனை காலம்...

நம்புவீர்களா? அவளிடம் இருந்ததையெல்லாம் நான் பிடுங்கியாகிவிட்டது. வீட்டை, சிரிப்பை, தன் புத்திமீது அவள் வைத்திருந்த நம்பிக்கையை... அதன் பின்னும் அங்கே உட்கார்ந்து அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்!

பிலோமினா கண்ணைத் திறந்தாள்.

“பிள்ளை, மாமிக்கும் ஒருக்கா வாரிவிடு. அவ இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை.”

“வாங்கோ மாமி” என்றாள் டெய்சி.

நான் எழுந்துபோய் அவள் முன்னால் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தேன்.