நானாவின் எஞ்சின் ஹெட்

எங்கள் வீட்டு அடுப்படியில், நெல் அவிக்கிற பெரிய பானைக்குள் ஒரு எஞ்சின் ஹெட் கொதித்துக்கொண்டிருந்தது. எஞ்சினின் தலைப்பாகம், வால்வுகள் இருக்கிற கனத்த இரும்பு. சோடாவும் சவர்க்காரமும் போட்ட தண்ணீர் தார் போலக் கறுத்து, மேலே தடித்த ஆடை ஒன்று படர்ந்திருந்தது. குமிழி வெடிக்கிற ஒவ்வொரு தரமும் பழைய எண்ணெய் கருகின மணம் எழும்பியது. அந்த மணம் கூரைக் கிடுகில் ஏறி, அரிசிப் பானையில் ஏறி, என் தலைமயிரிலும் ஏறியது. அன்று சாப்பிட்ட புட்டிலும் அதுதான் மணத்தது. அருவருப்புக்கு அரியண்டம் என்று நாங்கள் சொல்கிற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்தப் பானைதான் நினைவுக்கு வரும். ஊத்தையை ஒரு கிழமைக்குள் கழுவிவிட்டேன். கழுவாமல் மிஞ்சினதைத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றோராம் ஆண்டு தை மாசம் அது. கொடிகாமத்துக்கு உட்புறமாக உள்ள எங்கள் ஊரில் ஐயா புகையிலை நட்டிருந்தார். போரில் அரசாங்கம் டீசலை யாழ்ப்பாணத்துக்குள் வர விடாத காலம். எங்கள் இறைப்பு எஞ்சினுக்குச் சின்னையா, ஐயாவின் தம்பி, மண்ணெண்ணெயோடு தேங்காயெண்ணெய் கலந்து ஊற்றிப் பழக்கியிருந்தார். ஒரு நாள் எஞ்சின் கொதித்து, விக்கி, நின்றுவிட்டது. கழற்றினால் ஹெட்டில் இரண்டு வால்வுக்கும் நடுவிலே மயிரிழை போல ஒரு வெடிப்பு. எண்ணெய்க்குள் தண்ணீர் போய்ப் பால் தேத்தண்ணீர் நிறத்தில் நுரைத்திருந்தது. சின்னையா அதில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "தண்ணிதான்" என்று துப்பினார். வெற்றிலைச் சாறும் எண்ணெயும் சேர்ந்த அந்தத் துப்பல் என் புத்தகப் பைக்குப் பக்கத்தில் விழுந்து இழுபட்டது.

புகையிலை எட்டு நாளுக்கு மேல் தண்ணீர் இல்லாமல் தாங்காது. கையால் இறைக்கிற துலா மரம் உக்கி விழுந்து எவ்வளவோ காலம். தோட்டம் கருகினால் நான் கம்பஸை, பல்கலைக்கழகப் படிப்பை, விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்; ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். ஐயாவுக்கும் அம்மாவுக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. சின்னையா பஸ்ஸின் பெயர்ப்பலகையை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிப்பார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குப் பக்கத்தில், அறை எடுத்துப் படித்த நான், ஊருக்கு வரும் நாட்களில் பெரியவர்கள் எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன். ஊர் பார்க்க வேண்டும் என்றே இறங்க மாட்டேன்.

வேறு காலமாக இருந்தால் நானா வந்திருப்பார். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற 'நானா' என்ற சொல்தான், அவரை நாங்கள் ஒருநாளும் பெயரால் அழைத்ததில்லை. வருசத்தில் ஒரு தரம், இறைப்புத் தொடங்க முன், சைக்கிளில் வந்து எஞ்சினைக் கழற்றித் துப்புரவாக்கிப் பூட்டித் தருவார். எஞ்சினோடு வந்த ஆங்கிலக் கைநூலை நான் எட்டாம் வகுப்பிலிருந்தே அவருக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறேன். எந்த நட்டை முதலில் இறுக்குவது, எதைப் பிறகு இறுக்குவது என்பதெல்லாம் அவருடைய கைக்கே தெரியும். ஆனாலும் நட்டு இறுக்குகிற சாவியைப் பிடித்தபடி காத்திருப்பார். "மகள் சொல்லட்டும். பொஸ்தகம் படிச்ச ஆள் இருக்கேக்கை நான் ஏன் அவசரப்படுவான்?" என்பார். என் படிப்பு ஒரு வேலைக்கு உதவும் என்று எங்கள் முற்றத்தில் முதலில் காட்டியவர் அவர். அவருக்கு நாங்கள் தேத்தண்ணீர் கொடுத்தது, வேலிக் கதியால் தடியில் அவருக்கென்றே கவிழ்த்து வைத்திருந்த ஒரு தகரப் பேணியில். அவரே எடுத்துக் கழுவி நீட்டுவார், ஊற்றக் குடிப்பார், திரும்பவும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அதைப் பார்த்து எனக்கு அந்த நாளில் ஒன்றும் தோன்றியதில்லை.

முந்தின ஐப்பசியில் பட்டினத்து முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் சில மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லி, துவக்கோடு வந்த இயக்கக்காரர் அனுப்பிவிட்டார்கள். நானாவும் அதோடு தெற்கே புத்தளம் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் ஊரில் சில நாள் அதைப் பற்றிக் குசுகுசுத்தார்கள். பிறகு மழை வந்தது, நாற்று மேடை போட்டார்கள், கதை நின்றுவிட்டது.

ஹெட் வெடித்த மூன்றாம் நாள் சின்னையா பட்டினத்துக்குப் போய், மத்தியானம் ஒரு சாக்கோடு வந்தார். மேலே இரண்டு பூசணிக்காய். கீழே ஒரு ஹெட்.

"ஆற்றை இது?" என்றார் ஐயா.

"நானான்ரை பட்டறை எஞ்சின்ரை. எங்கடையும் அதே சாதிதானே. அச்சொட்டாப் பொருந்தும்."

"கேட்டெடுத்தனியோ?"

"ஆரிட்டை அண்ணை கேக்கிறது? புத்தளத்துக்கு நடந்துபோய்க் கேக்கவோ? அங்கை கதவும் இல்லை, கூரைத் தகரமும் இல்லை. நான் எடுக்காட்டி நாளைக்கு உவன் முன்வீட்டுக்காரன் எடுப்பான்."

ஐயா சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். படித்த பிள்ளை ஏதாவது சொல்லும் என்று நினைத்திருப்பார். "வால்வைக் கழட்டிப் பாக்கவேணும்" என்றேன் நான்.

மழைக்காலம் முழுவதும் கூரையில்லாமல் கிடந்த இரும்பு. காற்றுப் போகிற துவாரத்துக்குள் எலி கூடு கட்டியிருந்தது. சின்னையா கம்பியை விட்டு இழுக்க, பஞ்சும் மயிரும் கடதாசித் துண்டுகளும் பிரண்டு வந்து விழுந்தன. நடுவிலே கண் திறக்காத ஐந்தாறு குஞ்சுகள், தோல் உரித்த விரல்கள் போல. கோழிகள் ஓடி வந்து கொத்திக்கொண்டு போயின. ஒரு கடதாசித் துண்டில் சின்னப் பிள்ளை ஒன்றின் கூட்டல் கணக்கு இருந்தது, பக்கத்தில் சிவப்பு மையில் சரி அடையாளம். எழுத்துள்ள கடதாசியில் தவறிக் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற வீடு எங்களுடையது. அந்தத் துண்டை நான் காலால்தான் அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளினேன்.

அவித்து எடுத்தபின் கரியைக் கரண்டியால் சுரண்டினோம். காய்ந்த புண்ணின் பொருக்குப் போல உதிர்ந்தது. வால்வு உரசுகிற பசை எந்தக் கடையிலும் இல்லை. சின்னையா ஒரு சோடாப் போத்தலை உரலில் இடித்து, அம்மாவின் பழஞ்சேலையில் அரித்து, எண்ணெயில் குழைத்தார். அதை வால்வின் விளிம்பில் பூசி, அது அமருகிற வளையத்தில் வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவிலே மத்துக் கடைவது போல உருட்ட வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கைநூலைப் பக்கத்தில் விரித்து வைத்து, வால்வும் வளையமும் ஒரே அகலத்தில் மங்கல் வெள்ளியாகும்வரை உருட்டினேன். கை கொப்பளித்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டும் கசியவில்லை.

"கம்பஸ் எஞ்சினியர் அம்மா, என்ரை சைக்கிளையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்று சின்னையா பகிடி விட்டார்.

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. நான் உருட்டுவது களவெடுத்த இரும்பு என்ற நினைவு அந்த நாட்களில் ஒரு தரமும் என் கையை நிறுத்தவில்லை. 

அம்மாவுக்கு உறுத்தியது. ஆனால் அது வேறு உறுத்தல். "பிறத்தியாற்றை வீட்டுச் சாமான். அதுவும் அவையின்ரை. தீட்டுக் கழிக்காமல் எங்கடை கிணத்தடியிலை பூட்ட விடமாட்டன்" என்றார். பூட்ட நினைத்திருந்த நாளுக்கு முதல் நாள் பின்னேரம், உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை மாவிலையால் ஹெட்டின் மேல் தாராளமாகத் தெளித்தார். திருநீறு மூன்று குறி இழுத்து, சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தார். கேட்க வேண்டிய மனிதரைக் கேட்காமல் சாமியிடம் கேட்டு வாங்கியாயிற்று. விடியப் பார்த்தால், நான் கை கொப்பளிக்க உரசின வளையங்கள் இரண்டிலும் செங்கறள், சிவந்த துரு. உப்புத் தண்ணீர் பட்ட பச்சை இரும்பு வேறு என்ன செய்யும்? திருநீறும் சந்தனமும் கறளும் எண்ணெயும் குழம்பி, சீழ் போல ஓரத்தால் வழிந்திருந்தது.

"அம்மாளாச்சி எஞ்சினைத் தின்னப் பாத்திருக்கிறா" என்று சின்னையா சிரித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் துடைத்துவிட்டு இன்னும் ஒரு முழுநாள் இருந்து உரசினேன்.

எட்டாம் நாள் பூட்டினோம். இடையில் வைக்கிற பழைய செப்புத் தகட்டைச் சிரட்டைத் தணலில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு இளக்கி வைத்தோம். நான் கைநூலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, சின்னையா அந்த ஒழுங்கில் நட்டுகளை இறுக்கினார். எஞ்சின் இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்தது. ஐயா மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடினார். வாடிச் சாய்ந்திருந்த கன்றுகள் இரண்டு நாளில் நிமிர்ந்தன. என் படிப்பும் தப்பியது.

ஆவணி மாசம் போல, கப்பலில் வந்த தபாலில் நானாவின் கடிதம் கிடைத்தது. புத்தளத்துப் பக்கம் ஓலைக் கொட்டில் ஒன்றில் இருக்கிறார்களாம். மகளின் படிப்பு எப்படி என்று இரண்டாம் வரியிலேயே கேட்டிருந்தார். முடிந்தால் ஒருக்கால் பட்டறைப் பக்கம் போய், எஞ்சின் கிடக்கிறதா என்று பார்த்து எழுதும்படி கேட்டிருந்தார். அது இருந்தால் திரும்பி வருகிற நாளில் தொழிலைத் தொடங்கலாமாம். நான் வாசித்து முடிக்க, ஐயா கடதாசியும் பேனையும் எடுத்துவரச் சொன்னார்.

"எழுது பிள்ளை. ஹெட்டை நாங்கள்தான் எடுத்தனாங்கள் எண்டு எழுது. கேளாமல் எடுத்தது பிழை. தோட்டம் காயப் பாத்தது, அதாலை எடுத்தனாங்கள். நீங்கள் வாற அண்டைக்கு என்ரை கையாலை கொண்டுவந்து தருவன் எண்டு எழுது. ஒண்டும் விடாதை."

எழுதத் தொடங்கினேன். "ஹெட்டை நாங்கள்" வரைக்கும் வந்ததும் கை நின்றது. என் எழுத்தில் எங்களைக் கள்ளர் என்று நானே எழுதுவதா? நான் சொல்லும்வரை நட்டை இறுக்காமல் காத்திருந்த மனிதர் அதை வாசிப்பதா? தாளை மாற்றினேன். "தங்கள் எஞ்சினின் முக்கிய பாகத்தைக் கழற்றி எங்கள் பாதுகாப்பில் வைத்திருக்கிறோம். கவலை வேண்டாம்" என்று எழுதினேன். ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று பிடிக்க ஏலாத வசனம். எங்கள் வீட்டில் வேறு ஒருவராலும் அப்படி எழுத முடியாது. ஐயாவுக்கு வாசித்துக் காட்டும்போது, தாளில் இருந்ததை விட்டுவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே வாசித்தேன். அவர் தலையாட்டிவிட்டு, நான் பழக்கியிருந்த கையெழுத்தை, நாக்கைக் கடித்தபடி மெல்ல மெல்லக் கீழே போட்டார்.

பதில் வர மூன்று மாதம் பிடித்தது. நானா நன்றி எழுதியிருந்தார். மற்றவர்களின் வீடுகளில் கூரை ஓடுகளைக்கூட விட்டுவைக்கவில்லை என்று கேள்விப்படுவதாகவும், எங்களைப் போல ஒரு குடும்பம் தமக்கு இருப்பது அல்லாஹ் தந்தது என்றும் எழுதியிருந்தார். நான் மனதுக்குள் வாசித்து முடிக்கும்வரை ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவமாய் எழுதியிருக்கிறாரோ?"

"இல்லை ஐயா. பறவாயில்லையாம். தோட்டம் தப்பினதே காணுமாம்."

ஐயா தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

இது நடந்து நாலு வருசம். நான் பட்டம் எடுத்துவிட்டேன், படிப்பிக்கிறேன். ஒழுங்கையில் என்னைக் கண்டால் இப்போது பெரியவர்கள் சைக்கிளை விட்டு இறங்குகிறார்கள். வீட்டுக்கு ஆர் வந்தாலும் ஐயா இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. "களவெடுத்தனாங்கள் எண்டு உள்ளதை உள்ளபடி எழுதினம். ஒரு சொல் ஏசி எழுதேல்லை அந்த மனுசன். அதுதான் பெரிய மனம். என்ரை பிள்ளைதான் எழுதினது, வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ."

வந்தவர்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் ஓம் என்று தலையாட்டுவேன்.