விலைக்கு நின்ற சாமி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மத்திய லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் துப்புரவு வேலை செய்தேன். பழம்பொருள் என்றால் நம் வீட்டு ஓட்டை அண்டா இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விலை போகும். ஹவுன்ஸ்லோவிலிருந்து விடியற்காலையில் ரயிலேறிப் போய், பணக்காரர் கண்ணில் தூசி படாதபடி துடைத்து வைப்பது என் உத்தியோகம்.

பாரம் தூக்க அங்கே இன்னொரு யாழ்ப்பாணத்தார் இருந்தார். தகப்பன் வயது, ஆனாலும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகனை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் தகவல் இல்லை. மனைவி அங்கே ராணுவ முகாம் முகாமாக அலைந்தார். இவர் இங்கே வெள்ளிக்கிழமை தவறாமல் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனார். மகனைப் பற்றி நான் கேட்கவே மாட்டேன். கேட்டால் அழுதுவிடுவார், அழுகிற ஆண்களைத் தேற்ற எனக்குத் தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில் கடைக்கு ஒரு ரோமானியச் சாமி விற்பனைக்கு வந்தது. இடுப்பளவு உயரம், வெள்ளைச் சலவைக்கல். பாக்கஸ் என்று பெயர், மதுவுக்குத் தெய்வமாம். ஒரு கையில் திராட்சைக்குலை. கள்ளுக்கும் ஒரு சாமியா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. அவருக்குச் சாமி என்றால் சாமிதான். அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் சப்பாத்தைக் கழற்றினார். அவருக்குக் கால்வலி என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

அவரை வாட்டியது வேறொன்று. வாங்க வருகிறவர்கள் நுழைந்ததும் முகம் தெரியட்டும் என்று முதலாளி சிலையைத் தெருக்கதவைப் பார்க்க வைத்திருந்தார். அந்தப் பக்கம் தெற்கு.

"எமன்ர திசை, பிள்ளை. தட்சிணாமூர்த்தியைத் தவிர ஆரையும் இப்பிடி வைப்பினமோ? என்ர பெடியன் எங்கையெண்டு தெரியாமல் கிடக்கேக்கை, இதை நாளும் பொழுதும் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது."

"இது எங்கட சாமியில்லை அண்ணை, விக்கிற சாமி. சும்மா விடுங்கோ."

அவர் விடவில்லை. ஒரு நாள் காலை நான் மேல்மாடியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கீழே ஏதோ உடைந்து விழுந்த சத்தம். ஓடி வந்தேன். சிலை கிழக்கு நோக்கிப் பாதி திரும்பி நின்றது. அலமாரி விளிம்பில் இடிபட்ட கை, திராட்சைக்குலையோடு மணிக்கட்டில் கழன்று தரையில் கிடந்தது. அண்ணை அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். வேலை போய்விடுமே என்று நான் பதறினேன். அவருக்கு வேலை நினைவிலேயே இல்லை.

"என்ர கையாலை சாமி பின்னமாப் போச்சு. இனி அவன் இல்லை, பிள்ளை. அவன் இல்லை."

உடைந்த சிலையை நாங்கள் கும்பிடுவதில்லை, கடலில் விட்டுவிடுவோம். அவர் மகனையே கடலில் விட்டுவிட்டு வந்தவர் போல இருந்தார். எனக்குக் கோபம் வந்தது. சும்மா நின்ற கல்லில் கொண்டுபோய்ப் பிள்ளையின் உயிரை ஏன் கட்டினார்?

முதலாளி வந்தார். பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. குனிந்து, கை கழன்ற இடத்தை விரலால் தடவினார். உள்ளே துருப்பிடித்த ஓர் இரும்புக் கம்பி, அதைச் சுற்றிச் சாந்து. பெருமூச்சு விட்டார், பிறகு சிரிக்கவே தொடங்கிவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அவசர அவசரமாக அண்ணையிடம் சொன்னேன்.

"எழும்புங்கோ அண்ணை. இது சாமியின்ர கையே இல்லையாம். உண்மையான கை எப்பவோ துலைஞ்சு போச்சாம். கனகாலத்துக்குப் பிறகு ஆரோ செய்து ஒட்டினதாம் இது. உங்களாலை ஒண்டும் பின்னமாகேல்லை. வேலையும் போகாது."

முகம் தெளியும் என்று காத்திருந்தேன். அவர் மெல்ல எழுந்து, கையில்லாத அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப உண்மையான கை எங்கை?"

முதலாளியிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

"தெரியாதாம், அண்ணை."

"ஒருத்தரும் தேடேல்லையோ?"